ஒரு பொட்டலம் பிரியாணியும் ஒரு சுவரொட்டியும்

சென்னையில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், "சங்கரன்கோவில் போறேன்" என்று. "கோமதி அம்மன் பிரசாதம் கொண்டு வா" என்று ஒருத்தர் சொல்லட்டும், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். "சார், வரும்போது பிரியாணி!" அவ்வளவுதான்.

கட்டுரை எழுதி மட்டும் சோறு கிடைக்காது என்பதால் பகுதி நேரமாக ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். படித்த பி.காம். வீணாகக் கூடாது இல்லையா? அங்கே என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பதினோரு பேரும் ஆர்டர் கொடுத்தார்கள். அதில் இரண்டு பேர் சுத்த சைவம். ("வீட்டுக்குத் தெரியாது. நீங்க கொண்டு வாங்க!")

ஆடித்தபசுக்கு ஊருக்குப் போய் ஆறு வருஷமாகிவிட்டது. எழும்பூரில் பொதிகையில் ஏறிப் படுத்தால் விடிகாலை ராஜபாளையம். அதைத் தாண்டினால் மேற்கே மலை நீலமாகப் படுத்திருக்கும். மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக்காரர்களுக்கு. எங்களுக்கு வெறும் காற்று. அதுவும் ஆடிக் காற்று! ஸ்டேஷனில் இறங்கியதும் என் தலையில் மிச்சமிருக்கும் முடி எந்தத் திசையில் நிற்பது என்று தெரியாமல் தவித்தது. 2019 நவம்பரிலிருந்து ஊர் தென்காசி மாவட்டம். ஆனாலும் அட்ரஸ் எழுதும்போது கை இன்னும் திருநெல்வேலிக்குத்தான் போகிறது.

ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு பாரா. ஒன்பது நிலை ராஜகோபுரம், உள்ளே மூன்று சன்னதி: சங்கரலிங்கம், கோமதி அம்மன், நடுவில் சங்கரநாராயணர். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்களுக்குச் சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று தகராறு. (அந்தக் காலத்தில் கிரிக்கெட் இல்லை.) பஞ்சாயத்து அம்மனிடம் போக, அவள் புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் தபசு நின்றாள். கடைசியில் வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள் என்று ஒரே உடம்பாக வந்து நின்றார் சுவாமி. சரிபாதி. ஒரு அணா கூட இல்லை, குறைவும் இல்லை. கணக்குப் பிள்ளையான எனக்கு அந்தச் சன்னதி மேல் ஒரு தனிப் பிரியம்.

அக்கா வீடு தறிச் சத்தம் கேட்கும் தெருவில். அத்தானுக்கு நாலு விசைத்தறி. வாசலில் ஆச்சி. அத்தானின் அம்மா எனக்கு அத்தை முறைதான். ஆனால் தெருவே ஆச்சி என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே.

"வாய்யா! என்ன இப்படி எளைச்சிட்டே?" என்றாள், முப்பத்தெட்டு அங்குல பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே. சொந்த ஊரில்தான் இப்படிப்பட்ட மரியாதையெல்லாம் கிடைக்கும்.

மருமகனுக்கு வயது பதினேழு, ப்ளஸ் டூ. மருமகளுக்குப் பதினாறு, ப்ளஸ் ஒன். நான் போனபோது இரண்டு பேரும் காலைப் பலகாரத்தில் இருந்தார்கள். அவன் தட்டில் ஏழு இட்லி. எட்டாவதை ஆச்சி வைக்கப் போக, "போதும் ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினான். இவள் தட்டில் ஒரு இட்லி. அதிலும் பாதியைப் பிய்த்துச் சட்னியில் படாமல் சாப்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் டீயைக் குடித்து எழுந்துவிட்டாள்.

"என்னம்மா அதுக்குள்ள?"

"போதும் மாமா. வெறும் வயித்துல வெந்நியில எலுமிச்சம்பழமும் தேனும் குடிச்சேன்லா. கொழுப்பு கரையுமாம். செல்லுல போட்டிருந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கரைப்பதற்கு அங்கே கொழுப்பு எங்கே இருக்கிறது? அஞ்சடி ஒரு அங்குலம், நாற்பத்திரண்டு கிலோ. துப்பட்டாவைக் கழற்றிவிட்டு எடை போட்டால் ஆடிக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் அவள் அண்ணன் அவளைக் கூப்பிடுவது "ஏ அண்டா!" கேட்டால் அது தமாஷாம்.

அந்தத் துரையோ வேறு கட்சி. அவனுக்கு உடம்பு ஏற வேண்டும், ஆனால் வயிறு ஏறக் கூடாது. சாயங்காலம் ஜிம், ராத்திரி ஜிம்மிலிருந்து நேராகப் பரோட்டாக் கடை. நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். வீட்டு அலமாரியில் உரச் சட்டி மாதிரி ஒரு பெரிய டப்பா, புரோட்டீன் பவுடர். விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு ஒரு ஆட்டுக் குட்டியே அட்வான்ஸ் பேசலாம்.

"கறி கிடையாதே மாமா, கொடியேறிட்டுல்லா?" என்றான் விளக்கமாக. கொடியேற்றத்திலிருந்து தபசு முடியும் வரை அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. என் பதினோரு ஆர்டரும் அதுவரை நிலுவை.

சாயங்காலம் மருமகள் ஆடிச்சுற்றுக்குக் கிளம்பினாள். கொடியேறியதும் கோயிலைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டு, எண்ணி எண்ணிச் சுற்றுவார்கள். நூற்றியொன்று, நூற்றியெட்டு, இன்னும் அதிகம் கூட உண்டு. கல்யாணத்துக்கு, வேலைக்கு, பரீட்சைக்கு என்று ஆளுக்கொரு கணக்கு. இவளுக்கு நூற்றியெட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. கையில் புளியங்கொட்டை, சுற்றுக்கு ஒன்று ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும். டபுள் என்ட்ரி! நான் பூரித்துப்போய்க் கூடவே நடந்தேன். மூன்றாவது சுற்றில் என் பூரிப்புத் தீர்ந்து ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் கூட்டம். எட்டிப் பார்த்தால், நடுவில் இவள். பிச்சிப்பூ கட்டி விற்கிற அம்மா ஒருத்தி மடியில் தலையை வைத்து, பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டிருந்தாள். புளியங்கொட்டைகள் ரோடெல்லாம்.

"பச்சப்புள்ள, என்னத்தைத் தின்னுச்சோ? கை ஐஸா கிடக்கு. நீங்க யாரு, அப்பாவா?"

"மாமா."

"நல்ல மாமா!" என்றாள். அந்தத் தொனியை இங்கே எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆட்டோவில் போட்டு ஒரு டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் முதலில் செய்த காரியம், கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தது. சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வருவதற்குள் டாக்டரம்மா கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டே?"

"காலையில... அரை இட்லி."

"மதியம்?"

"பசிக்கலை."

"பச்சரிசி, மண்ணு, சாம்பல், இப்படி ஏதாவது திங்கணும்போல இருக்கா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா முந்திக்கொண்டு, "எப்பப் பாத்தாலும் அரிசிப் பானையில கைதான் டாக்டர். கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்டின்னு எத்தனை தடவை வஞ்சிருக்கேன்!" என்றாள்.

அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை. இந்தச் சாஸ்திரத்தை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். மழையே பார்க்காத ஊரில் இதைச் சொல்லிப் பயமுறுத்துவதே ஒரு தமாஷ். ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் இப்படி அரிசி, மண் மேலெல்லாம் ஆசை வரும், அது ஒரு அறிகுறி என்றார். பாட்டி காலத்திலிருந்து எத்தனை பெண் பிள்ளைகள் அரிசிப் பானையில் கைவிட்டுத் திட்டு வாங்கியிருக்கும்! ஒருத்தருக்காவது அது ரத்தம் கேட்கிற சத்தம் என்று தோன்றியதா?

ரிசல்ட் வந்தது. ஹீமோகுளோபின் 8.6. இந்த வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும்.

"ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திரை குடுப்பாங்களே, போடுறியா?"

பதில் இல்லை. வீட்டுக்கு வந்து ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தால், காம்பஸுக்கும் டிவைடருக்கும் நடுவில் பதினாலு நீல மாத்திரை. "அதைப் போட்டா குண்டாயிருவோம்னு கிளாஸ்ல எல்லாரும் சொன்னாங்க மாமா." இரும்பு மாத்திரை வயிற்றைப் பிரட்டும், மலம் கறுக்கும், அவ்வளவுதான். உடம்பைக் குண்டாக்காது. ஆனால் பதினாறு வயதில் 'குண்டு' என்ற ஒரு வார்த்தைக்கு இருக்கிற பலம் அரசாங்கச் சுற்றறிக்கைக்கு இல்லை.

இந்தக் கொழுப்பு விவகாரத்தைப் பற்றி டாக்டரம்மா சொன்னதையும், நான் பிறகு படித்ததையும் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பத்து வயதுவரை பையனுக்கும் பெண்ணுக்கும் உடம்பில் கொழுப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான். அப்புறம்தான் தண்டவாளம் பிரிகிறது. பையனுக்குச் சதை ஏறி, கொழுப்பின் பங்கு குறையும். பெண்ணுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேரும். நல்ல ஆரோக்கியமாக வளர்ந்த பெண்ணின் எடையில் சுமார் கால் பங்கு கொழுப்பு. பையனுக்கு அதைவிட நன்றாகக் குறைவு. இது நோயும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. கம்பெனி லாபத்தில் ஒரு பகுதியை ரிசர்வ் ஃபண்டுக்கு மாற்றுகிற மாதிரி. நாளைக்கு ஒரு பிள்ளையைச் சுமக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று உடம்பு முன்கூட்டியே எடுத்துவைக்கிற பணம். ரிசர்வை முதலாளியே சுரண்டினால் கம்பெனி என்ன ஆகும்? மாத விலக்கே தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும். 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்று ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்பிலிருந்து மூளைக்குப் போகிற தந்தி அது. "இருப்பு போதும்" என்றோ "இருப்பு இல்லை" என்றோ அது சொல்வதை வைத்துத்தான் மூளை பல காரியங்களை நடத்துகிறது.

தந்தி ஆபீஸ் இல்லாமலே இது எங்கள் ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது! மூன்று வருஷத்துக்கு முன்பு மருமகள் பெரியவளானபோது ஆச்சி செய்த அமர்க்களத்தை அக்கா போனில் சொல்லியிருக்கிறாள். தினமும் காலையில் நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும். அப்புறம் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி, கைக்குழியில் எண்ணெய் தளும்ப. "இடுப்பு எலும்பு கல்லு மாதிரி இருக்கணும்ட்டி!" சடங்கு முடிகிறவரை ராணி உபசாரம். முடிந்தது. பந்தல் பிரித்தார்கள். களிச் சட்டியைப் பரணில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அதே ஆச்சி, "பொம்பளப் புள்ள இம்புட்டா திங்கிறது? உடம்பு போட்டிராது?" என்று ஆரம்பித்துவிட்டாள். களி தின்றபோது வந்த ரத்தம், மாதாமாதம் வரத்தானே செய்கிறது? செலவு மாதாமாதம், வரவு மட்டும் ஒரே தடவையா?

இன்னொன்றும் நின்றது. சத்துணவு. கோவில்பட்டியைத் தாண்டினால் எட்டயபுரம். காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கிவைத்த ஊர். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் அதைச் சத்துணவாக விரித்தார், அப்புறம் முட்டை வந்தது. ஆனால் இந்தக் கணக்கு பத்தாம் வகுப்போடு முடிகிறது. ப்ளஸ் ஒன் போனதும் முட்டை கட். சரியாக அந்த வயதில்தான் பெண்கள் வீட்டிலும் தட்டைச் சுருக்கிக்கொள்கிறார்கள்.

தபசு அன்றைக்கு ஊர் கொள்ளவில்லை. சாயங்காலம் தெற்கு ரத வீதியில் அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுத்தபோது சம்சாரிகள் பருத்தியையும் மிளகாய் வற்றலையும் தானியத்தையும் அள்ளி வீசினார்கள். ஒரு வற்றல் என் சட்டைப் பைக்குள் விழுந்தது. பிரசாதம் என்று வைத்துக்கொண்டேன். பக்கத்தில் மருமகள், அத்தான் வாங்கித் தந்த நாற்காலியில். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "மாமா, அம்மன் தபசு இருந்தப்ப சாப்பிட்டிருப்பாளா?"

"அவ சாமிம்மா. அவளுக்கு ஹீமோகுளோபின் கிடையாது" என்றேன். சிரித்தாள். எனக்கு மட்டும் அது அவ்வளவு நல்ல ஜோக்காகத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம். விரதம் முடிந்தது! அத்தான் பிரியாணி வாங்க என்னையே அனுப்பினார். ஊரில் 'சுல்தான்' என்றால் போதும், கண் தெரியாதவர்கூட வாசனையைப் பிடித்துக்கொண்டு வழி சொல்வார். ஆட்டுக்கறி, சன்ன அரிசி, வாயில் வைத்தால் அடம் பிடிக்காமல் கரைகிற துண்டு. வர்ணித்தால் இந்தப் பத்திரிகையின் பக்கங்கள் எண்ணெயாகிவிடும், விட்டுவிடுகிறேன். மூன்று பொட்டலம் வாங்கினேன்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் கரண்டி ஆச்சி கைக்குப் போனது. அந்தக் கரண்டிதான் அந்த வீட்டின் நிதி மந்திரி. நான் என்றும் பார்க்காததை அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பதினாறு துண்டு. அத்தானுக்கு நாலு. எனக்கு, விருந்தாளி என்பதால், நாலு. "எய்யா, நீ வளர்ற பையன்" என்று மருமகனுக்கு அஞ்சு. ஆச்சிக்குப் பல் இல்லை என்பதால் ஒன்றே ஒன்று, மெத்தென்று. மருமகளுக்கு ஒன்று, அதுவும் எலும்பு. கடைசித் துண்டு "இருக்கட்டும், ராத்திரிக்குப் பையன் கேப்பான்" என்று கிண்ணத்தில். அக்கா? அக்கா இலையில் ஒட்டியிருந்த சோற்றை வழித்துத் தயிர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் விசேஷம். ஆச்சிக்குப் பேத்தி என்றால் உயிர். முந்தாநாள் ராத்திரி தூங்காமல் அவள் காலைப் பிடித்துவிட்டவள் ஆச்சிதான். ஆனால் கரண்டி மட்டும் பழைய பாதையிலேயே போகிறது, கோயில் தேர் மாதிரி.

ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. இந்தியர் யாருக்கு எவ்வளவு தேவை என்று அவர்கள் போட்ட 2020 பட்டியலை அன்று மத்தியானம் செல்லில் தேடிப் பார்த்தேன். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 3320 கலோரி, பெண்ணுக்கு 2500. சரி, ஆச்சி சொல்வது நியாயம்தான், அவனுக்குச் சோறு அதிகம் வேண்டும். அடுத்த பத்தி: இரும்பு. பையனுக்கு 26 மில்லிகிராம், பெண்ணுக்கு 32! மாதாமாதம் ரத்தமாகப் போகிறதே, அதை ஈடுகட்ட. ஆக, சோற்றில் அவனுக்குப் பங்கு அதிகம், இரும்பில் அவளுக்கு. நம் வீடுகளில் இரண்டு லெட்ஜரையும் ஒன்றாக்கி, இரண்டிலும் அவன் பெயரில் வரவு வைத்துவிடுகிறோம். கறியில் இருக்கிற இரும்பு உடம்பில் சட்டென்று ஒட்டும். கீரை, பயறு இரும்பு கொஞ்சம் பிகு பண்ணும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் இறங்கிவரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இருப்பதும் கெடும். புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே விளைகிறது. அதை வெறும் வயிற்றில் தேனோடு விட்டுக்கொண்டு, இட்லிக்கு மேல் டீயைக் குடித்தால்? சரக்கு சரி, போஸ்டிங் தப்பு.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. "பொம்பளைங்க பிரச்சினை" என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். அதே வயதுப் பையன்களில் 31 பேருக்கு. பரோட்டாவில் மைதாவும் எண்ணெயும் உண்டு, இரும்பு எங்கே இருக்கிறது?

நம்மைப் போன்ற ஆபீஸ் ஆசாமிகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2004-ல் லான்செட் பத்திரிகையில் இரண்டு டாக்டர்களின் போட்டோ வந்தது. ஒருத்தர் புனே யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் யுட்கின். உயரத்துக்கு எடை என்று பார்க்கிற பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சு அசல் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2! நம் உடம்பு வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் நமக்கு 25 வரை காத்திருக்காமல் 23-லேயே உஷார் மணி அடிக்கிறார்கள். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. அக்காவின் தையல் டேப்பால் அளந்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தும் 96. மருமகன் 86. "இன்னும் நாலுதான் மாப்ளே பாக்கி" என்றேன். புரோட்டீன் டப்பாவைக் கொஞ்சம் யோசனையோடு பார்த்தான்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் அக்காவிடம் பங்கு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் வீராப்பாகவே சொன்னேன். பட்டணத்துக் கணக்கன் இல்லையா!

"ஏலே, உனக்கு ஞாபகம் இல்லையா?" என்றாள் அக்கா. கோபமே இல்லை. "தீபாவளிக்கு அப்பா அரைக் கிலோ கறி எடுத்துட்டு வருவாக. நீ உன் பங்கைத் தின்னுட்டு என் தட்டையே பாத்துக்கிட்டு இருப்பே. நான் எனக்குப் பிடிக்கலைன்னு உனக்குத் தூக்கி வச்சிருவேன். அம்மா ஒண்ணும் சொல்லமாட்டா."

"உனக்குக் கறி பிடிக்காதுல்லா?"

"யாரு சொன்னா?" என்றாள்.

நான் அஞ்சடி ஒன்பது அங்குலம். அக்கா நாலடி பதினொன்று. ஆண் பெண் வித்தியாசம் கொஞ்சம் இருக்கும், சரி. ஒரே அப்பா அம்மா பிள்ளைகளுக்குப் பத்து அங்குலமுமா? கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். முப்பது வருஷமாக என் ஏட்டில் எழுதாமல் விட்ட கடன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நானே கறிக்கடைக்குப் போனேன். "சுவரொட்டி இருக்கா?" ஆட்டு மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வோம். ரத்தமில்லாதவர்களுக்கு அதை வாட்டிக் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். அதில் இரும்பு ஏராளம் என்பது விஞ்ஞானமும் ஒப்புக்கொண்ட விஷயம். கடைக்காரர் இலையில் சுருட்டிக்கொண்டே, "வீட்ல உண்டாயிருக்காங்களா?" என்றார். பொம்பளைக்குச் சுவரொட்டி வாங்க வேறு காரணமே கிடையாது போலும்.

அக்கா அதை மிளகும் உப்பும் போட்டு நல்லெண்ணெயில் வதக்கினாள். கரண்டியோடு ஆச்சி வந்தாள். கை வழக்கம்போல மருமகன் பக்கம் திரும்பியது. "ஆச்சி" என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், பேத்தியின் உள்ளங்கையைப் பார்த்தாள். அந்தக் கை அன்றைக்கும் வெளுப்பாகத்தான் இருந்தது. பேசாமல் மொத்தத்தையும் அவள் தட்டில் கவிழ்த்துவிட்டாள்.

"உவ்வே, இது என்ன ரப்பர் மாதிரி!" என்றாள் மருமகள்.

"ஏ அண்டா, ஒரு துண்டு தாயேன்" என்றான் அண்ணன். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த ஒரே துண்டு, முதுகில் அம்மா கொடுத்த அடி.

பதினோரு பொட்டலத்தோடு சென்னை வந்து சேர்ந்தேன். சைவக்காரர்கள் இருவரும்தான் முதலில் பிரித்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா போன் பண்ணினாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளாம். டீ சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தானாம். அரிசிப் பானைப் பக்கம் போவதில்லையாம். ஹீமோகுளோபின் 10.4. எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது; அதற்கு ஒரு நாள் அழுதாளாம், மறுநாள் சரியாகிவிட்டாளாம்.

"நீ எடுத்துப் பாத்தியாக்கா?"

"எனக்கென்னலே? நான் இந்தா தண்டியா இருக்கேனே. எனக்கு எங்க ரத்தம் இல்லாமப் போகும்?"

தண்டியாக இருப்பதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லித் தொல்லை கொடுத்து அனுப்பிவைத்தேன். அடுத்த வாரம் அத்தான்தான் பேசினார். அக்காவுக்கு 9.1.

"அதுல ஒரு சிக்கல் மாப்ளே. ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான் இருக்குமாம். கடைக்காரர்கிட்ட ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு ஆட்டுக்குச் சொல்லிவச்சிருக்கேன்" என்றார்.